மாரிக்கு முன் வீடு

கல்முனைக் கரையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டோ என மலைநாட்டில் வாழும் ஒருவர் வினவினால், அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலைகளில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. கல்முனையிலோ ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதங்களிலும் இரவு வெப்பநிலை பொதுவாக 22, 23 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. ஐரோப்பிய நாட்டவர் ஒருவருக்கு இது கோடைகாலத்து இரவு. ஆயினும், மார்கழி மாதத்தில் வாடைக்காற்று வீசும் ஓர் இரவில், சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டினுட் சென்று பார்ப்பவர், மூத்தம்மா போர்வைக்குள் முடங்கியிருப்பதையும், குழந்தையின் தலையை உம்மா துணியாற் சுற்றியிருப்பதையும் காண்பார். அங்கே குளிர் உண்டு. அது பனியின் குளிர் அன்று, ஈரத்தின் குளிர்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் இயல்புடையது. உலர்ந்த சட்டைக்குள் அடங்கிய காற்று உடலின் சூட்டைக் காத்து நிற்கும்; அதே சட்டை நனைந்துவிட்டால் அச்சூட்டை வெளியே கொண்டுபோய்விடும். அதன்மேற் காற்றும் வீசினால், ஆவியாகும் நீர் உடலிலிருந்து மேலும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். நனைந்த சுவருக்கும் நனைந்த பாய்க்கும் இதுவே விதி. ஆதலின் பனிநாட்டார் குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தஞ் செய்வதென்றால் உள்ளே தீ வளர்ப்பதைப்பற்றி எண்ணுவர். அம்பாறைக் கரையோரத்தார் எண்ண வேண்டியது, உள்ளே நீர் புகாமற் காப்பதைப்பற்றியே. இக்கரையில் உலர்ந்த வீடே சூடான வீடு.

அந்த ஆயத்தத்துக்குரிய காலத்தைக் காற்றே அறிவித்துவிடுகிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் இக்கரையில் வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்றுத் தன் மழையை மலைகளின் மறுபக்கத்தில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு, வெப்பத்தோடு கிழக்கே இறங்கிவருகிறது. கிணறுகளில் நீர் தாழ்கிறது. முற்றத்து மணல் கொதிக்கிறது. ஐப்பசியில் அக்காற்று ஓய்கிறது. பிற்பகல்களில் இடியோடு கூடிய மழை பெய்கிறது. கார்த்திகை பிறந்தபின் வடகிழக்கிலிருந்து வாடை வருகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு நவம்பர், டிசெம்பர், ஜனவரி என்னும் 3 மாதங்களுக்குள் இக்கரையிற் கொட்டிவிடுகிறது. கச்சான் தளர்வதற்கும் முதல் இடி முழங்குவதற்கும் இடையிலுள்ள சில வாரங்களே வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் தவணை.

இந்த மழையை வெறுப்பார் எவரும் அங்கே இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விதைத்து, மாசி பங்குனியில் அறுக்கும் பெரும்போகம் இதனை நம்பியே இருக்கிறது. வட்டையில் நிற்கும் பயிருக்கு மழை வேண்டும். வீட்டில் உறங்கும் பிள்ளைக்கு அது வேண்டாம். ஒரே மழையை வயலுக்கு அழைத்து, வீட்டுக்குத் தடுத்து நிற்பதே இக்கரை வாழ்க்கையின் பழைய சாமர்த்தியம்.

அச்சாமர்த்தியம் ஏன் எளிதன்று என்பதை நிலத்தின் அமைப்பு சொல்லும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கு நோக்கிச் செல்லும் ஊர்கள், கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்மேட்டில் அமைந்தவை. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் வேலிக்கு வேலி அடுத்திருக்கின்றன. கிழக்கே கடல். மேற்கே வயல்களும், அவற்றினூடே ஓடும் ஆறுகளும் வாய்க்கால்களும் களப்புகளும். அதற்கும் மேற்கே, 1949 ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ் இங்கினியாகலையில் எழுந்த பெரிய அணைக்கட்டு. மாரியில் வானத்திலிருந்து நேரே விழும் நீர் ஒன்று; மேற்கு நிலங்களிலிருந்து கடலைத் தேடி வரும் நீர் மற்றொன்று. கொந்தளிக்கும் கடல் மணலை ஒதுக்கி ஆற்றுவாய்களை அடைத்துவிட்டால், இவ்விரண்டும் ஊருக்குள்ளேயே தேங்கி நிற்கும். எனவே இங்குள்ள வீடு மேலிருந்தும் நனையலாம்; கீழிருந்தும் நனையலாம்.

மேலிருந்து வரும் நீருக்குக் கூரையே காவல். இன்று கிடுகு வேய்ந்த வீடுகள் இவ்வூர்களில் அரிதாகிவிட்டன. ஆயினும் மாரிக்கு முன் வீட்டை ஆயத்தஞ் செய்யும் பழக்கம் முழுவதும் கிடுகுக் கூரையின் கீழ் வளர்ந்ததாகையால், அதனை அறிந்துகொள்வது பயனற்றதாகாது. முற்றிய தென்னோலையை நடுநரம்பு வழியே இரண்டாகப் பிளந்து, சில நாள்கள் நீரில் ஊறப்போட்டு, பின்னர் பின்னியெடுப்பர். ஊறாத ஓலை விரைவில் உக்கிவிடும். பின்னிய கிடுகை வெயிலில் உலர்த்தி அடுக்கிவைத்து, கச்சான் ஓயுமுன் கூரையில் ஏற்றுவர். இறவாணத்தில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழுள்ள வரிசையின்மேற் படியுமாறு கட்டிக்கொண்டுபோய், இறுதியில் முகட்டை மூடுவர். கூரை எவ்வளவு சரிவாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக நீர் வழிந்தோடும். நீர் தங்காத ஓலை நெடுநாள் நிற்கும். அடுப்புப் புகையும் இதற்குத் துணைசெய்தது. நாள்தோறும் கூரையூடே கசிந்து சென்ற புகை பூச்சிகளை அண்டவிடாமல் ஓலையைக் காத்தது. ஆயினும் ஓரிரண்டு மாரிக்கு மேல் ஒரு கிடுகுக் கூரையை நம்பமுடியாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் வீட்டுக்காரர் தம் கூரையை நிமிர்ந்து பார்த்தேயாக வேண்டியிருந்தது.

பார்ப்பதற்கு ஒரு முறையும் உண்டு. நண்பகல் வேளையிற் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு, வீட்டின் நடுவே நின்று மேலே நோக்க வேண்டும். எங்கே வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதோ, அங்கே மழை வரும். இச்சோதனைக்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. ஓட்டுக் கூரைக்கும் தகட்டுக் கூரைக்கும் கூட இது இன்றும் பொருந்தும்.

இவ்விடத்திற் கிழக்கிலங்கையின் குடும்ப வழக்கம் ஒன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். இக்கரை முஸ்லிம்களிடையே, அவர்தம் தமிழ் அயலவரிடையே போலவே, குடி தாய்வழியாக எண்ணப்படுகிறது. மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். எனவே வீடு பெண்ணுக்குரியது. அதன் கூரையைப் பற்றிய கவலையும் முதலில் அவளுக்கே உரியது. புரட்டாதி மாதத்து நண்பகல் ஒன்றில் முகட்டிலே வெளிச்சத்தைக் காண்பவர் பெரும்பாலும் மாமியார்தான். மரியாதை காரணமாக அவர் மருமகனை நேரே ஏவமாட்டார். “மகள், முகட்டுல வெளிச்சம் தெரியுது” என்று, திண்ணையில் இருக்கும் மருமகனின் காதில் விழுமளவுக்குத் தம் மகளிடம் கூறுவார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் ஏணி சாத்தப்படும். ஒரு குடும்பத்தின் நல்லுறவு இத்தகைய சிறு வேலைகளிலேதான் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

கூரைக்கு அடுத்தது சுவர். மழை இங்கே நேராக விழுவதில்லை. கடற்பக்கத்திலிருந்து காற்றோடு சாய்ந்து வருகிறது. அதனாலேயே பழைய மண்வீடுகளில் இறவாணத்தைத் தாழ இறக்கி, உள்ளே நுழைவோர் தலைகுனிய வேண்டிய அளவுக்கு வாசலையும் தாழ்வாக அமைத்தனர். காற்றெதிர்ப் பக்கத்திற் கிடுகுத் தட்டியைக் கட்டி மண்சுவரைக் காத்தனர். பிற்காலத்தில் அத்தட்டியின் இடத்தைப் படங்கு பிடித்துக்கொண்டது. நிலத்தைவிட உயர்த்திக் கட்டிய குந்து, கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுத்தது. வெடித்த தரையை மாரிக்கு முன் மெழுகி அடைத்தனர். முற்றத்தில் வெண்மணல் பரப்பினர். மணல் மழைநீரை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும். காலிற் சேறு ஒட்டாது. அயலூரார் அழகுக்கென்று எண்ணிய அந்த வெண்மணல், உண்மையில் மாரிக்கு எதிரான ஓர் ஏற்பாடு.

இனி, வீட்டின் உள்ளே. மாரி என்பது மழைக்காலம் மட்டுமன்று. கைச்செலவு இறுகும் காலமும் ஆகும். பெரும்போக நெல் இன்னும் வயலிலே நிற்கும். முன்னைய நெல்லோ குறைந்துகொண்டு போகும். கடல் பொங்குவதால் தோணிகள் கரையேறிவிடும். கரைவலை இழுக்க முடியாத நாள்கள் தொடர்ந்து வரும். மருதமுனை நெசவாளர் வீட்டில் நூலுக்குச் சாயம் ஏற்றினால் அதனை உலர்த்த வெயில் வேண்டும். குழித்தறி உள்ள இடத்திற் குழிக்குள் நீர் ஊறினால் தறியே நின்றுவிடும். ஆக, உழவர், மீனவர், நெசவாளர் என்னும் மூவருக்கும் வருவாய் ஒரே வேளையிற் சுருங்குகிறது. இதனை எண்ணியே மழைக்கு முன் அரிசியும், கருவாடும், உப்பும், தேங்காயும், உலர்ந்த விறகும் சேர்த்துவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. உப்பு ஈரத்தில் கசிந்துவிடும் என்பதால் அதனை மூடிய பானையில் அடுப்பருகே வைத்தனர். விறகைப் பரணிலோ, தாழ்வாரத்தில் நிலத்திற் படாமலோ அடுக்கினர். நனைந்த விறகு புகையைத் தரும், சூட்டைத் தராது. வேர்க்கொம்பு, மிளகு, கொத்தமல்லி ஆகியவற்றை வறுத்து இடித்துப் புட்டியில் அடைத்துவைத்தால், இருமல் தொடங்கும் இரவில் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

படுக்கைக்குப் பன்பாய். நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் பன்புல்லை வெட்டி உலர்த்தி இக்கரைப் பெண்கள் இழைக்கும் இப்பாய் மென்மையானது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை விரித்தால் தரையின் ஈரக்குளிர் உடலில் ஏறாது. பாய்களையும் தலையணைகளையும் போர்வைகளையும் கடைசிக் கச்சான் வெயிலில் நன்றாக உலர்த்தி எடுத்துவைப்பது மாரி ஆயத்தத்தின் முக்கியமான பகுதி. ஒருமுறை ஈரம் ஏறிய பஞ்சைப் பின்னர் மூன்று மாதத்துக்கு உலர்த்த இயலாது.

குழந்தை பெற்ற தாயும், கைக்குழந்தையும், முதியவரும் உள்ள வீடுகளிற் சட்டியில் நெருப்பிட்டு அறையைச் சூடாக்குவது பழைய வழக்கம். கிடுகுக் கூரையும் இடைவெளிகளுள்ள சுவரும் இருந்த காலத்தில் அதன் நச்சு வெளியேறிவிட்டது. கதவு சன்னல் இறுகப் பூட்டிய இன்றைய கல்வீட்டில் அதே நெருப்புச் சட்டி உயிருக்கு ஆபத்தாகும். எரியும் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போகக்கூடும். சூடு வேண்டுமாயின் உலர்ந்த துணியும், மேலதிகமான ஒரு பாயும், வெந்நீர்ப் புட்டியும் போதும். நெருப்பு அடுப்பிலேயே இருக்கட்டும்.

கல்வீடு வந்துவிட்டபின் மாரிக்கு ஆயத்தம் எதற்கு என்று இளையோர் கேட்பதுண்டு. கிடுகுக் கூரை தன் குறையை ஆண்டுதோறும் வெளிப்படையாகக் காட்டியது. கல்வீடு தன் குறையை மறைத்துவைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. விலகிய ஓடு ஒன்று, விரிசல் விட்ட தகடு ஒன்று, ஆணியைச் சுற்றித் துருப்பிடித்த துளை ஒன்று போதும். உள்ளே மரம் உக்கத் தொடங்கிவிடும். இறவாணத்துப் பீலியிற் சருகு அடைத்திருந்தால் நீர் திரும்பிச் சுவருக்குள் இறங்கும். சுவரில் இறங்கிய நீர் மின்கம்பிகளை அடைந்தால் ஆளியைத் தொடும் கைக்கு ஆபத்து. கூரை, பீலி, மின்னிணைப்பு ஆகிய மூன்றையும் மழைக்கு முன் ஒருமுறை சோதிப்பது கல்வீட்டுக்காரருக்குரிய கடமை. கல்நார்த் தகடு வேய்ந்த கூரையாயின் அதனை உரசித் தேய்த்துக் கழுவுதல் ஆகாது. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய நார்த்தூள் நுரையீரலுக்குக் கேடு.

ஈரத்தோடு வரும் பகை குளிர் மட்டுமன்று. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரையே செல்லும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர், பீலி ஆகியவற்றிலுள்ள நீரை அகற்ற வேண்டும். அதன் முட்டையோ நீர் இன்றியும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆதலால் நீரை ஊற்றிவிடுவது போதாது, பாத்திரத்தின் உட்புறத்தை உரசிக் கழுவவும் வேண்டும். வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்கு அஞ்ச வேண்டும். காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர், சேற்றில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மருத்துவரிடமோ முற்காப்பு மாத்திரைபற்றிக் கேட்டறிதல் நலம்.

இவ்வளவும் வழக்கமான மாரிக்கு. இக்கரை வழக்கமில்லாத மாரிகளையும் கண்டிருக்கிறது. 1957 டிசெம்பரிற் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் மூடியது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பையும் அதனை அடுத்த கரையோரத்தையும் தாக்கிய சூறாவளியில் நாட்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புகள் சரிந்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலை வந்தது மழையின் வெள்ளம் அன்று, ஆழிப்பேரலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோயிற்று. எஞ்சியோர் வீடிழந்து, மாரியின் நடுவே பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தங்கினர். 2011 ஜனவரியில் மீண்டும் பெருவெள்ளம். வீட்டின் அருமையை இக்கரையாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அந்த நினைவுகளிலிருந்து பெறத்தக்க பாடங்கள் எளியவை. கூரையின் மரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையாற் பிணைத்திருக்க வேண்டும். சூறாவளி கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது. வீட்டின்மேற் சாயக்கூடிய கிளைகளை ஐப்பசிக்கு முன் தறித்துவிட வேண்டும். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மணப்பதிவு ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு, இருட்டிலும் கை எட்டும் ஓரிடத்தில் வைக்க வேண்டும். எந்த மேட்டுக்கு, எந்த வழியாகச் செல்வது என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். வானிலை அவதான நிலையத்தின் அறிவித்தலைச் செவிமடுப்பதும், அவசரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தை அழைப்பதும் வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருக்க வேண்டியவை.

வெள்ளத்தில் வழியைத் தேர்வதும் இந்த ஆயத்தத்தில் அடங்கும். கிட்டங்கித் தாம்போதியும் மாவடிப்பள்ளித் தெருவும் மாரிதோறும் நீரில் மூழ்குவதை எல்லோரும் அறிவர். அறிந்தது பழகிவிடுகிறது; பழகியது அச்சம் தருவதில்லை. 2024 நவம்பர் 26 ஆம் நாள், நிந்தவூரிலிருந்து சம்மாந்துறை நோக்கி மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளிக்கு அண்மையில் வெள்ளத்திற் கவிழ்ந்து, சிறுவர்கள் பலர் மாண்டனர். அவர்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தனர். பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும்போதே, நீர் உயர்ந்தால் அவன் எங்கே தங்குவான், யார் வீட்டில் இரவைக் கழிப்பான் என்பதைப் பெற்றோரும் கற்பிப்போரும் தீர்மானித்திருக்க வேண்டும் என்பதை இத்துயரம் கற்பிக்கிறது. உறவினரும் நண்பரும் ஊருக்கு ஊர் நிறைந்த இக்கரையில் ஓர் இரவுக்குப் பாய் விரித்துக் கொடுக்க மறுப்பார் இலர்.

இறுதியாக, கீழிருந்து வரும் நீரைப் பற்றியது. இங்கேதான் தனி வீட்டின் ஆயத்தம் முடிந்து, ஊரின் ஆயத்தம் தொடங்குகிறது. 80 சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு கூரையின்மேல் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அக்கூரையிலிருந்து மட்டும் 8,000 லீற்றர் நீர் இறங்கும். மாரியில் அத்தகைய மழை இங்கு அரிதன்று. அந்த எண்ணாயிரம் லீற்றரும் எங்கே போகும்? முற்றம் வெண்மணலாக இருந்தவரையிற் பெரும்பங்கை மணலே குடித்தது. எஞ்சியது வேலியின் அடியால் ஒழுகி, வாய்க்காலுக்கும், அங்கிருந்து தோணாவுக்கும், தோணாவின் வாயால் கடலுக்கும் சென்றது. வேலி நீருக்கு வழிவிட்டது. இன்று வேலியின் இடத்தில் மதில். மணலின் இடத்தில் சீமெந்து. வயலோரத்துப் பள்ளங்களின் இடத்தில் மண் நிரப்பிய வளவுகள். ஒருவர் தம் வளவை இரண்டு அடி உயர்த்தினால் அவர் வீடு காய்ந்திருக்கும். அடுத்த வீடு குளமாகும். அடுத்தவர் மூன்று அடி உயர்த்துவார். முடிவில் உயர்த்துவதற்குப் பொருள் இல்லாத ஒரு விதவையின் வீட்டில் அத்தெரு முழுவதன் மழையும் வந்து நிற்கும்.

அந்நீர் நின்றால் கேடு அவளோடு முடிவதில்லை. இவ்வூர்களிற் குடியிருப்பு நெருக்கமானது. ஒரே வளவிற் கிணறும் மலசலகூடக் குழியும் சில அடி இடைவெளியில் இருப்பதுண்டு. நிலத்தடி நீர் மேலெழும்போது இரண்டின் நீரும் மணலூடே ஒன்றையொன்று எட்டிவிடுகின்றன. வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் அவ்வழியே பரவும். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவிக்கும்வரை, குடிநீரை நன்கு கொதிக்கவைத்தே பருக வேண்டும். மதிலுக்கு உள்ளே காய்ந்த தரையில் இருப்பவரும் நிலத்துக்குக் கீழே அயலாரின் நீரையே பங்கிட்டுக்கொள்கிறார்.

ஆகவே, வடிகானைத் துப்புரவு செய்வதும், அதில் குப்பை கொட்டாமல் இருப்பதும், மதிலின் அடியில் நீர்போக ஒரு துளை விடுவதும், முற்றத்தில் ஒரு பகுதியையேனும் மணலாக விடுவதும், கூரை வேய்தலைப் போலவே மாரி ஆயத்தத்தைச் சேர்ந்தவை. தோணாவின் வாயை வெட்டிவிடுவதும் பெரிய வாய்க்கால்களைத் துப்புரவாக்குவதும் மாநகர சபையும் உரிய திணைக்களங்களும் செய்ய வேண்டிய வேலைகள். ஆனால் அவ்வேலை மழைக்கு முன் நடைபெறுமாறு கேட்பது ஊராரின் வேலை. வெள்ளம் வந்தபின் கேட்பதைவிடக் கச்சான் காற்றிற் கேட்பது பயனுடையது. முற்காலத்தில் விதைப்புக்கு முன் வட்டைவிதானையின் தலைமையில் உழவர் கூடி வாய்க்கால் வெட்டினர். தம் வயலுக்கு நேரே உள்ள பங்கை ஒவ்வொருவரும் வெட்டிக்கொடுத்தனர். வயலுக்குச் செய்ததைத் தெருவுக்குச் செய்வது புதுமையான காரியமன்று.

கார்த்திகையில் முதல் பெருமழை ஒரு நள்ளிரவில் வரும். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் எழுந்திருப்பாள். விளக்கை ஏற்றி முகட்டைப் பார்ப்பாள். கடற்பக்கச் சுவரைக் கையால் தடவுவாள். பாயின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். எல்லாம் உலர்ந்திருந்தால், பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வாள். அவ்வேளையில் வெளியே தெருவோரத்து வடிகானில் நீர் ஓடும் ஓசை கேட்குமாயின், அந்தத் தெருவின் கடைசி வீட்டுப் பெண்ணும் அவ்வாறே படுத்துக்கொள்ள முடியும்.